பைரோபூரில் நின்ற வண்டி

சிவ்தானி மஹதோ வண்டிக்குள் ஜன்னல் வழியாகத்தான் நுழைந்தான், அதுவும் தலை முதலில். கால்கள் சிவான் பிளாட்பாரத்துக்கு மேலே அந்தரத்தில் உதைத்துக்கொண்டிருக்க, முகம் உள்ளே யாரோ ஒருவரின் தொடையில் அழுந்திக் கிடந்தது. விடியற்காலை வர வேண்டிய வண்டி வெயில் ஏறிய பிறகுதான் வந்திருந்தது. கூரைமேல் ஆள், படிக்கட்டில் ஆள், இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருக்கும் கொக்கிமேலும் ஆள். அடுத்த வண்டி வருமா என்று கேட்டதற்கு ஸ்டேஷன் மாஸ்டர் வானத்தைக் காட்டினார். நாளை மறுநாள் காலை ராஞ்சியில் தன் பட்டாளக் கம்பெனி முன்னால் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று சிவ்தானிக்குத் தெரியும். ஒரே ஒரு நாள் பிந்தி வந்த ஒருவன் பதினான்கு நாள் கொட்டடியில் இருந்ததை அவன் பார்த்திருக்கிறான்.

அவனுக்கு முன்னாலேயே அவனுடைய தகரப்பெட்டி உள்ளே போயிருந்தது. அது விழுந்த இடம் ஒரு வளையல்காரியின் கூடை. சிலுங்கென்று ஒரு சத்தம். அந்தக் கூடைக்காரி பெயர் ரசூலன். ஐம்பது வயது, வெற்றிலை போட்டுக் கறுத்த பல், குரல் மட்டும் புதுத்தகரம்.

"என் ஒரு மாச வயித்துப்பாட்டை உன் பெட்டி தின்னுடுச்சு. கண்ணை எங்கடா வச்சிருக்க பட்டாளத்தான், வெள்ளைக்காரன்கிட்ட அடகு வச்சிட்டியா?"

வேறொரு நாளாக இருந்தால் அவன் மன்னிப்புக் கேட்டிருப்பான். அன்று வீட்டிலிருந்தே வாய் கசந்து வந்திருந்தான். "ரயிலு உன் மாமியார் வீடா? கூடையை மடியில வச்சுக்க" என்றான். சொல்லிக்கொண்டே உடம்பை முழுக்க உள்ளே இழுத்துக் காலை ஊன்றினான். ஊன்றிய இடம் ஒரு மூட்டை. காலுக்கடியில் அது பொதுபொதுவென்று அமுங்கியது.

மூட்டைக்குச் சொந்தக்காரன் கூப்லால் ராய் என்ற பால்காரன். எருமைக் கன்றைத் தோளில் தூக்கி நடக்கக்கூடிய உடம்பு. அவன் அவசரப்படாமல் பூட்ஸ் காலைத் தள்ளிவிட்டு, மூட்டையை எடுத்து அவிழ்த்து, வழிக்கு வைத்திருந்த வறுகடலை மாவைச் சுற்றியிருந்தவர்களுக்குக் காட்டினான். மாவில் ஆணி வரிசையோடு பூட்ஸ் அடி அப்படியே பதிந்திருந்தது.

"பாருங்க, மாவுல கவர்மெண்டு முத்திரை குத்திட்டான். இனி இதுக்கு வரி கட்டணும்" என்றான்.

ரயில் பெட்டியே சிரித்தது. முப்பது பேர் உட்காரும் பெட்டியில் நூறு பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் ஒரே ஆளைப் பார்த்துச் சிரித்தார்கள். உட்கார இடமில்லை, சாய இடமில்லை. தகரப்பெட்டியை நிமிர்த்தி வைத்து அதன்மேல் ஒரு காலை மடக்கிக்கொண்டு நின்றான். வண்டி கிளம்பியது.

அது நாற்பத்திரண்டு ஆகஸ்ட். சிவ்தானிக்கு அப்போது வயது இருபத்தாறு. சிவானுக்கு வடக்கே ஆற்றோரக் கிராமம். காலம் காலமாகக் காய்கறி போடுகிற கோயரிக் குடும்பம். அவன் பட்டாளத்தில் சேர்ந்ததற்கு வீரம் காரணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தை மாதப் பனியில் கோபிப்பூ, அதாவது காலிஃபிளவர், முழுக்கக் கருகிப்போனது. அண்ணனோடு வரப்புத் தகராறு வேறு. கோபத்தில் சிவானுக்கு நடந்தவன், போலீஸ் தாணா முன்னால் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வரிசையில் நின்றான். மாடு கட்டி மேய்த்திருக்கிறாயா என்று கேட்டார்கள். ஆமாம் என்றான். மாட்டுக்குப் பதில் கோவேறு கழுதை கொடுத்தார்கள். துப்பாக்கியும் ஒன்று கொடுத்தார்கள். அதில் பழகுவதற்காகப் பத்துத் தோட்டா சுட்டதோடு சரி. மற்றபடி அவன் வேலை தீனி வைப்பது, லாடம் பார்ப்பது, முதுகில் புண் வராமல் சுமை கட்டுவது.

அந்தக் கழுதைகளோடுதான் பர்மாவுக்குப் போனான். ஐந்து மாதம் கழித்து, ஜப்பான்காரன் துரத்த, சித்திரை வெயிலில், மலைமேல் நடந்தே திரும்பினான். அந்தப் பாதையில் பட்டாளத்தோடு ஜனமும் வந்தது. ரங்கூனில் மூட்டை தூக்கியவர்கள், வட்டிக்கடை வைத்தவர்கள், துணி வெளுத்தவர்கள். தமிழ், தெலுங்கு, ஒரியா, அவனுடைய போஜ்பூரி என்று எல்லாப் பேச்சும் அங்கே கேட்டது. போகப் போகக் குறைந்தது. ஒரு வளைவில் ஒரு பெண் அவனுடைய கழுதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நாலு வயதுப் பையன் ஒருவன் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தான். மைர்வா பக்கம் ஊர் என்றாள். அவன் ஊரிலிருந்து நாலு கோசத் தூரம்கூட இருக்காது. பையனை அடுத்த மேடு வரைக்கும் ஏற்றிக்கொள்ளச் சொன்னாள். கழுதைமேல் கம்பியில்லாத் தந்திப் பெட்டியின் பேட்டரி இருந்தது. ஜனங்களை ஏற்றக் கூடாது என்று உத்தரவு. பின்னால் அவனுக்கு மேலாளான நாயக் வந்துகொண்டிருந்தான். சிவ்தானி அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு நடந்தான்.

மலைக்காய்ச்சலோடு லீவில் ஊருக்கு வந்த இருபது நாளும் இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பர்மாக் கதை கேட்க வந்தவர்களுக்கு மழை பெய்தது என்று மட்டும் சொன்னான். மனைவி தேத்ரிக்கு இது பொறுக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து வந்த புருஷன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான், கேட்டால் எரிந்து விழுகிறான். கிளம்புகிற அன்று அவள் வாசல்வரைகூட வரவில்லை. அடுப்படியில் இருந்தபடியே, "போ, போய் அந்தக் கழுதைங்களோடயே குடித்தனம் பண்ணு. அதுங்ககிட்டயாவது வாய் திறந்து பேசுவ" என்றாள். அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டுதான் வண்டி ஏறியிருந்தான்.

வண்டி மாட்டுவண்டி வேகத்தில் போனது. ஜன்னலுக்கு வெளியே எங்கும் தண்ணீர், அதற்கப்பால் ஆள் உயர மக்காச்சோளம். உள்ளே வியர்வை நாற்றம், புகையிலையைச் சுண்ணாம்பில் கசக்கித் தட்டும் கார நெடி. கூப்லால் விடுவதாக இல்லை. சிப்பாயைச் சீண்டுவது பெட்டிக்கே பொழுதுபோக்காகிவிட்டது. எத்தனை ஜப்பான்காரனைக் கொன்றாய் என்று ஒருவன் கேட்டான். ஜப்பான்காரனை இவன் முதுகால்தான் பார்த்திருப்பான் என்று இன்னொருவன் சொன்னான். சிவ்தானி பதிலுக்குப் பதில் கொடுத்துக்கொண்டுதான் வந்தான். பிறகு கூப்லால் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சாதாரணக் குரலில் கேட்டான்.

"என் மச்சான் ரங்கூன் துறைமுகத்துல கூலியா இருந்தான். திரும்பி வரல. பர்மாவுல நம்ம ஜனங்களை நடுவழியில விட்டுட்டு ஓடி வந்தவங்கதானே நீங்க?"

சிவ்தானி குனிந்து தகரப்பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தான். பெட்டி அதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டது. பட்டாளத்தானின் வாய் அடைத்துப்போனது என்று ரசூலன் உடைந்த வளையல்களைப் பொறுக்கிக்கொண்டே அறிவித்தாள்.

அடுத்த ஸ்டேஷனில் அவதேஷ் ஏறினான். பத்தொன்பது வயது, சப்ரா காலேஜில் படிக்கிறவன், பெரிய வீட்டுப் பிள்ளை என்பது கையைப் பார்த்தாலே தெரியும். வெள்ளைக் காந்திக் குல்லா, வேகமான பேச்சு. கூட நாலைந்து பேர். பெரிய தலைவர்களை எல்லாம் பிடித்துக்கொண்டு போய் நாலு நாள் ஆகிறது, பாட்னாவில் மாணவர்களைச் சுட்டிருக்கிறார்கள், இனி இந்த வண்டி ஜனங்களுடைய வண்டி, யாரும் டிக்கெட் வாங்க வேண்டாம் என்றான். பெட்டியில் பாதிப் பேர் ஏற்கெனவே வாங்காதவர்கள். அவர்கள்தான் சத்தமாக ஜே போட்டார்கள். பிறகு எல்லோரும் போட்டார்கள். ரசூலன்கூட ஒரு தரம் போட்டாள். சிவ்தானி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

அவதேஷ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவன் முன்னால் வந்தான். "ஜே சொல்லு" என்றான்.

"எனக்குத் தொண்டை சரியில்ல பாபு."

"அப்ப சட்டையைக் கழட்டு. பாட்னாவுல சுட்டவன் போட்டிருந்த அதே நிறம் இது."

"சட்டை உன்னோடது இல்ல. உங்கப்பனோடதும் இல்ல."

"உன்னோடதும் இல்லையே," என்றான் அவதேஷ். "யாரோடதுன்னு சொல்லு பார்ப்போம்."

சிவ்தானிக்குக் கோபம் இன்னும் ஏறியது. அந்த நேரத்தில் வண்டி ஒரு உலுக்கலோடு நின்றது. நின்றிருந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் விழுந்தார்கள்.

பைரோபூர் என்பது ஒரு பிளாட்பாரம், ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு. அவ்வளவுதான் அந்த ஸ்டேஷன். அதற்கு அப்பால் தண்டவாளத்தைக் கழற்றிப் பள்ளத்துத் தண்ணீரில் உருட்டிவிட்டிருந்தார்கள். தந்திக் கம்பி அறுந்து தரையில் சுருண்டு கிடந்தது. பக்கத்துக் கிராமங்களிலிருந்து முந்நூறு நானூறு பேர் வந்திருந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டரின் பதிவேடுகளையும் டிக்கெட் கட்டுகளையும் பிளாட்பாரத்தில் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். அவர் தன் குடும்பத்தோடு கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவ்தானியை இறக்கினார்கள். அவன் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான், கூப்லால் கையைத் திருகி விடுவித்தான். தலைப்பாகை முதலில் நெருப்புக்குப் போனது. பிறகு தகரப்பெட்டி. பூட்ஸைக் கழற்றியவன் அதை எரிக்க மனமில்லாமல் தன் தோளில் மாட்டிக்கொண்டான். சட்டையை மூன்று பேர் சேர்ந்து இழுத்தார்கள், அது முதுகில் இரண்டாகக் கிழிந்து வந்தது. அரைக்கால் சட்டையில் கை வைத்தபோது ரயில் ஜன்னலிலிருந்து ரசூலன் கத்தினாள்.

"அதையாவது விடுங்கடா. இங்க பொம்பளைங்க இருக்கோம். அந்த எலும்பை எவ பார்க்குறது?"

கூட்டம் சிரித்து அதை விட்டது. அதுவரை சிவ்தானி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். ஆனால் கிழிந்த சட்டையின் பையிலிருந்து அவதேஷ் சம்பளப் புத்தகத்தை உருவியபோது நிலைமை மாறியது. கையகலப் பழுப்பு அட்டைப் புத்தகம். நம்பர், ஊர், தகப்பன் பெயர், செத்துப்போனால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று தேத்ரியின் பெயர், எல்லாம் அதில்தான் இருந்தது. அது இல்லாவிட்டால் அவன் ஓடிப்போன சிப்பாய். அவதேஷ் அதை நெருப்புக்கு நேராக ஓங்கினான். சிவ்தானி குனிந்து, மாடு முட்டுகிற மாதிரி, தலையால் அவன் முகத்தில் முட்டினான்.

எலும்பு முறிகிற சத்தம் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. அவதேஷ் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. சிவ்தானி புத்தகத்தைப் பொறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, தரையில் சுருண்டு, தலையைக் கையால் மூடிக்கொண்டான். அடி விழுந்தது. செருப்பால், குடைக்கம்பால், வெறும் காலால். யார் யார் அடித்தார்கள் என்று அவன் பார்க்கவில்லை. கூப்லாலின் கால் மட்டும் தெரிந்தது, அது மற்றவர்களைவிடப் பலமாக இருந்தது. கடைசியில் நிறுத்தியதும் கூப்லால்தான். செத்துவிடுவான், போதும் என்றான்.

வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில் சப்ரா பக்கத்திலிருந்து புகை தெரிந்தது. முதலில் யாரும் நம்பவில்லை. தண்டவாளம் கழன்ற இடத்துக்கு அந்தப் பக்கத்தில் ஒரு எஞ்சின் வந்து நின்றது. முன்னால் ஒரு திறந்த வண்டி, அதில் மணல்மூட்டை அடுக்கி, பின்னால் வெள்ளைச் சிப்பாய்கள். கூட்டம் ஒரே மூச்சில் கலைந்தது. முந்நூறு பேரையும் மக்காச்சோளம் விழுங்கிக்கொண்டது. பூட்ஸை எடுத்தவனும் அதோடு போய்விட்டான். சிப்பாய்கள் வயலைப் பார்த்து ஐந்தாறு தடவை சுட்டார்கள். கூட்டத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு கிழவர் புல்லுக்கட்டோடு வரப்பில் வந்துகொண்டிருந்தார். சத்தம் கேட்டு நின்றார். பிறகு புல்லுக்கட்டு முதலில் விழுந்தது, அதன்மேல் அவர் விழுந்தார். சிவ்தானி கிணற்றடியில் சுவரில் சாய்ந்திருந்தான், அவனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

அவதேஷால் ஓட முடியவில்லை. முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடிக்கொண்டிருந்தன. தடவித் தடவி வண்டிக்குள் ஏறியவன் ரசூலன் பக்கத்தில் போய் விழுந்தான். அவள் அவன் குல்லாவைப் பிடுங்கி வளையல் கூடைக்கு அடியில் திணித்துவிட்டு, பேசாமல் இரு என்றாள்.

பயணிகள் எல்லோரையும் இறக்கி, தலைமேல் கை வைத்துப் பிளாட்பாரத்தில் உட்கார வைத்தார்கள். வெற்று மார்போடும் காயத்தோடும் இருந்த சிவ்தானியைக் கலகக்காரன் என்றே எடுத்துக்கொண்டு ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் விலாவில் குத்தினான். மூச்சு நின்று திரும்பியது. அவன் இடுப்பிலிருந்த புத்தகத்தை எடுத்து நீட்டினான். கூட வந்திருந்த போலீஸ் தரோகா அதை வாங்கிப் படித்தார். மீசையை நன்றாக முறுக்கிவிட்ட, கஞ்சிபோட்ட உடுப்புக்காரர்.

"மஹதோவா? கோபி விதைக்கிற பயலுக்குப் பட்டாளம் கேட்குது" என்று சொல்லிவிட்டு, வெள்ளை அதிகாரியிடம் திரும்பி அவன் மொழியில் ஏதோ சொன்னார்.

அதிகாரி இளைஞன். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது, அவனும் பயந்துதான் இருந்தான். அவன் கேட்டதைத் தரோகா சொன்னார். உடுப்பை எரித்தவன் யார், அடித்தவன் யார், இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யார் யார் என்று கையைக் காட்ட வேண்டும். காட்டினால் அவன் பிந்திப் போவது மன்னிக்கப்படும், புது உடுப்பு கிடைக்கும், அவன் கம்பெனிக்கு நல்லவிதமாக எழுதப்படும்.

நூறு முகங்கள் அவனைப் பார்த்தன. காலையில் சிரித்த அதே முகங்கள். கூப்லால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவதேஷ் வீங்கிய முகத்தை நிமிர்த்தி வைத்திருந்தான். அவனுடைய வெள்ளைச் சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம். தரோகாவின் பிரம்பு நேராக அவனிடம் போய் நின்றது. மூக்கு எப்படி உடைந்தது என்று அவனைக் கேட்டார். அவன் முகத்தை இன்னும் நிமிர்த்தினான். தரோகா சிவ்தானி பக்கம் திரும்பினார்.

"நான்தான் உடைச்சேன்" என்றான் சிவ்தானி.

"எதுக்கு?"

"ரயில்ல இடத்துக்குச் சண்டை. பெரிய வீட்டுப் பிள்ளை, நவுரச் சொன்னா நவுரல."

"உடுப்பை எரிச்சது?"

"வயல்லேருந்து வந்தவங்க. வயலுக்கே போயிட்டாங்க. நீங்கதான் சுட்டுட்டீங்களே, போய்க் கேட்டுப் பாருங்க."

தரோகா அறைந்தார். காது ரீங்கரித்தது. அறைந்துவிட்டு மறுபடி கேட்டார், மறுபடி அதையே சொன்னான். மூன்றாவது தரம் கேட்கவில்லை. அதிகாரி புத்தகத்தில் பென்சிலால் எதையோ எழுதி அவன் காலடியில் போட்டுவிட்டுப் போனான்.

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று பிற்பாடு கேட்டால், அவனுக்கே ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. அந்தப் பையன்மேல் அவனுக்கு இரக்கம் வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பான், அவன் அதை மறைக்கிற ஆள் இல்லை. அங்கே இருந்த எல்லோர்மேலும் அவனுக்கு வெறுப்பாக இருந்தது. அடித்தவர்கள்மேலும், சிரித்தவர்கள்மேலும், வரப்பில் கிடந்த கிழவரை ஒருவன்கூடத் திரும்பிப் பார்க்காமல் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த சிப்பாய்கள்மேலும், கஞ்சிபோட்ட உடுப்பு மீசைக்காரர்மேலும். யாருக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியது. கையில் கொடுக்க இருந்தது அந்தப் பையனின் பெயர் ஒன்றுதான்.

பிறகு ஆண்களை எல்லாம் பள்ளத்தில் இறக்கித் தண்டவாளத்தைத் தூக்க வைத்தார்கள். ஒரு தண்டவாளத்துக்குப் பத்துப் பேர். சிவ்தானிக்கு முன்னால் கூப்லால், பின்னால் அவதேஷ். இடுப்பளவு சேற்றில் கால் புதைய, இரும்பு வெறுந்தோளைத் தேய்க்க, மேலே துப்பாக்கியோடு நின்றவர்கள் அதட்ட அதட்டத் தூக்கினார்கள். கூப்லால் திரும்பாமலே முணுமுணுத்தான்.

"காலைத் தொட்டுக் கும்பிடுவோம்னு நெனச்சுக்காத."

"உன் கை என் கால்ல பட்டா நான்தான் குளிக்கணும்" என்றான் சிவ்தானி.

பின்னாலிருந்து, மூக்கடைத்த குரலில் அவதேஷ் சொன்னான். "நான் உன்கிட்டக் கேட்கல. என்னைக் காப்பாத்துன்னு நான் கேட்கவே இல்ல."

"உனக்காகச் சொல்லல. வாயை மூடிட்டுத் தூக்கு. பாரமெல்லாம் என் தோள்லதான் இருக்கு."

அது உண்மை. பையனுக்குத் தூக்கத் தெரியவில்லை, இரும்பின்மேல் கையை வைத்துக்கொண்டு நடந்தான். கொஞ்ச தூரம் போன பிறகு சிவ்தானி அவனை வைது, தோளை எங்கே கொடுக்க வேண்டும், மூச்சை எப்போது விட வேண்டும் என்று சொன்னான். அதன் பிறகு பாரம் கொஞ்சம் குறைந்தது.

வண்டி அங்கிருந்து நகர மறுநாள் மத்தியானம் ஆனது. மறுபடி அதே பெட்டி, அதே ஆட்கள். இந்தத் தடவை அவனுக்கு உட்கார இடம் விட்டார்கள், ஆனால் யாரும் பக்கத்தில் ஒட்டி உட்காரவில்லை. வெள்ளைக்காரனோடு பேசியவன், என்ன பேசினான் என்று யாருக்குத் தெரியும் என்று மூலையில் குசுகுசுத்தார்கள். பிளாட்பாரத்தின் கோடியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவன் சொன்னது காதில் விழவில்லை. விழுந்தவர்களும் எடுத்துச் சொல்லவில்லை. ரசூலன் தன் மூட்டையிலிருந்து ஒரு பழைய ஆண்பிள்ளை ஜிப்பாவை எடுத்து அவன் மடியில் எறிந்தாள்.

"போட்டுக்க. செத்துப்போன என் புருஷனோடது. பார்க்கச் சகிக்கல."

"வேணாம் சாச்சி."

"சாச்சியாம் சாச்சி. வளையல் உடைச்சது உடைச்சதுதான், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. போட்டுக்கடா."

போட்டுக்கொண்டான். தோளில் புண்ணோடு ஒட்டிக்கொண்டது. சோன்பூரில் அவன் இறங்கியபோது யாரும் விடைகொடுக்கவில்லை. அவதேஷ் அதற்கு முன்னாலேயே, வண்டி மெதுவாகப் போன ஒரு இடத்தில், குதித்துப் போயிருந்தான்.

கங்கையைத் தாண்டி, பாட்னாவிலிருந்து பாதி தூரம் சரக்கு வண்டியிலும் பாதி தூரம் நடந்தும் ராஞ்சி போய்ச் சேர்ந்தபோது ஆறு நாள் பிந்தியிருந்தது. காலில் செருப்பில்லை, உடம்பில் முஸ்லிம் ஜிப்பா. புத்தகத்தில் பென்சிலால் எழுதியிருந்ததைக் கம்பெனி அதிகாரி படித்தார். கலகக்காரர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்தவன் என்று எழுதியிருந்ததாம். பிந்தி வந்ததற்கும் உடுப்பைத் தொலைத்ததற்கும் சேர்த்து இருபத்தெட்டு நாள் கொட்டடி. வெளியே வந்தபோது கூடாரத்தில் அவனுக்குப் பெயர் மாறியிருந்தது. ரயிலில் வெள்ளைக்காரனோடு பேசியவன். இங்கே காந்திக்காரன். தட்டில் சப்பாத்தி போடுகிறவன்கூட, காந்திக்காரர் இன்று விரதம் இல்லையா என்று கேட்டுவிட்டுத்தான் போடுவான். நாயக் ஆக வேண்டியவன் கடைசிவரை ஆகவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி அந்த மலைகளுக்குப் போனான். இந்தத் தடவை பட்டாளம் முன்னால் போனது. ஒரு சரிவில் வெடிச்சத்தத்துக்கு மிரண்ட கழுதை ஒன்று உதைத்து முழங்கால் நொறுங்கியது. எதிரி அவனைத் தொடவே இல்லை. நாற்பத்தாறில் ஒரு கால் மடங்காமல் ஊருக்கு வந்தான். அண்ணன் வரப்பைத் தள்ளிப் போட்டிருந்தார். அதற்காக இரண்டு வருஷம் சண்டை போட்டு ஜெயித்தான். தேத்ரியிடம் பர்மாவைப் பற்றி ஒரு மழைக்காலத்தில் சொன்னான், அந்த மைர்வாக்காரியைப் பற்றியும் சொன்னான். அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. பிறகு பழையபடி பேசினாள். மூன்று பிள்ளைகள் பிறந்தன.

சுதந்திரம் வந்து எட்டு ஒன்பது வருஷம் இருக்கும். ஜனவரி மாதம், கோபிப்பூ நன்றாக விளைந்திருந்தது. வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு சிவான் சந்தைக்குப் போனபோது பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கூட்டம் வழியை மறித்தது. குடியரசு தினக் கொடி ஏற்றி ஹெட்மாஸ்டர் பேசிக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டில் பைரோபூரில் தண்டவாளத்தைப் பெயர்த்ததை, வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டதை, பிற்பாடு எட்டு மாதம் ஜெயிலில் இருந்ததை எல்லாம் சொன்னார். போலீஸ் தடியடியில் உடைந்தது என்று கோணல் மூக்கைத் தொட்டுக் காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். சிவ்தானி மாட்டுவண்டிமேல் உட்கார்ந்தபடி வாய்விட்டுச் சிரித்தான். கூட்டம் திரும்பிப் பார்த்தது. மேடையிலிருந்தவரும் பார்த்தார். பேச்சு கொஞ்ச நேரம் தடுக்கி நின்று பிறகு ஓடியது.

கூட்டம் கலைந்ததும் அவதேஷ் வண்டியிடம் வந்தார். நரை தெரிந்தது, கண்ணாடி போட்டிருந்தார். உள்ளே வா என்று அவரும் சொல்லவில்லை, இவனும் வண்டியைவிட்டு இறங்கவில்லை.

"பத்து வருஷத்துக்கும் மேலா அப்படித்தான் சொல்லிட்டு வர்றேன்," என்றார் அவதேஷ். "இனிமே மாத்த முடியாது."

"யாரு மாத்தச் சொன்னது?"

"நீ அன்னிக்குச் சொன்னதை நான் மறக்கல. ஆனா உன்கிட்ட நன்றி சொல்லணும்னு எனக்கு இன்னும் தோணல. நீ போட்டிருந்தது அந்தச் சட்டை."

"நீங்க அடிச்ச அடியில எனக்கு மழைக்காலத்துல இன்னும் விலா வலிக்குது மாஸ்டர். நானும் நன்றி சொல்லல."

அவதேஷ் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் பள்ளிக்கூடத்துப் பியூன் பையோடு வந்தான். மாஸ்டர் வீட்டுக்கு நல்ல கோபியாகப் பத்து வேண்டும், கேட்ட விலை கொடுக்கச் சொன்னார் என்றான். சிவ்தானி வண்டி நிறைய இருந்த கோபியைப் பார்த்தான், பியூனையும் பார்த்தான்.

"இல்லைன்னு சொல்லு" என்றான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து தேத்ரியிடம் இதைச் சொன்னபோது அவள் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள். பத்து கோபி கொடுத்திருக்கலாம், என்ன குறைந்துவிடும் என்றாள்.

கொடுத்திருக்கலாம்தான் என்றான் அவன். அடுத்த வருஷம் பியூன் வந்தபோதும் கொடுக்கவில்லை.